ராகுகாலத்தில் நிரப்பிய படிவம்

கொட்டாஞ்சேனைக் கிறிஸ்ரிக்கு வயது ஐம்பத்தேழு. முப்பது வருடமாக ஒரு கூரைக் கம்பனியில் வேலை. முதல் இருபது வருடம் கூரைக்கு அஸ்பெஸ்டஸ் சீற் அடித்தார். பிறகு அடித்த கூரைகளை ஏறிப் பார்த்து அறிக்கை கொடுக்கிறார். ஏணியைக் கண்டாலே முழங்கால் இரண்டும் முறைப்பாடு சொல்லத் தொடங்கிவிடும். அது போதாதென்று இந்த வருடம் கையில் ஒரு டெப்லெட்டையும் திணித்துவிட்டார்கள்.

பழக்கிவிட்டவள் அலுவலகத்து ஹம்சிகா. "அங்கிள், மேல சிக்னல் இருக்காது, படிவத்தக் கீழயே டவுன்லோட் பண்ணுங்கோ. முதல் போட்டோ, பிறகுதான் டிக். இறங்கினாப் பிறகு மட்டும் 'முடிந்தது' எண்டத அமத்துங்கோ. அமத்தினா அனுப்பினதுதான், திருத்தேலாது." நல்ல பிள்ளை, மூன்று தரம் சொன்னாள். ஆனாலும் அறிக்கை பிந்தியதற்கு இரண்டு எச்சரிக்கைக் கடிதம் வந்துவிட்டது. மூன்றாவது வந்தால் வேலை போய்விடும்.

அன்று வெள்ளிக்கிழமை, வெள்ளவத்தையில் சரோஜினிதேவி அம்மா வீடு. பத்தரைக்கு ஏணியைச் சாத்தினால், எழுபது வயது மனுசி ஓடிவந்து மறிக்கிறார்.

"ஐயோ தம்பி, ராகுகாலம்! பன்னிரண்டுக்குப் பிறகு ஏறுங்கோ."

கிறிஸ்ரி வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போகிறவர். அவருக்கு ராகுவாவது கேதுவாவது! ஆனால் வீட்டுக்காரர் வேண்டாமென்றால் ஏற முடியுமா? பிளேன்ரீ வந்தது. ஒரு மணிக்குப் பாமன்கடையில் இன்னொரு கூரை. இருக்கிற நேரத்தில் படிவத்தையாவது முடிப்போம் என்று ஆணி சரி, மழைத்தண்ணிப் பீலி சரி, சீற் சரி என வரிசையாக டிக் போட்டார். பிழை இருந்தால் மேலே போய்த் திருத்தலாம் என்ற எண்ணம். களைத்த விரல், கடைசியில் 'முடிந்தது' என்பதையும் அமத்திவிட்டது. அவர் கவனிக்கவில்லை.

பன்னிரண்டுக்கு ஏறினார். முன்பக்கம் நல்லது. பின்பக்கம் படுக்கையறைக்கு மேலே சீற் வெடித்திருந்தது. கீழிருந்த மரத்தைத் தொட்டார். உக்கிப்போயிருந்தது, விரல் உள்ளே போனது. மாதாவே! திருத்தவென்று டெப்லெட்டைத் திறந்தால், 'அனுப்பப்பட்டது' என்று நிற்கிறது.

இறங்கி வந்தவரிடம் அம்மா கேட்டார்: "எல்லாம் சரியோ தம்பி? பின்பக்கத்துக்குக் கீழதான் நான் படுக்கிறனான்."

ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், வேலை தப்பும். கிறிஸ்ரி சொன்னார்: "இல்லயம்மா. இண்டைக்கே கட்டில மற்ற அறைக்கு இழுங்கோ."

பிறகு 'மறுபரிசோதனை' என்பதை அமத்தினார். காரணம் கேட்டது. ஒரு விரலால் அடித்தார்: ஏறாமல் நிரப்பினேன்.

ஐந்து நிமிடத்தில் ஹம்சிகா போனில் கூப்பிட்டாள். "அங்கிள், மழை எண்டு போட்டிருக்கலாமே! மனேஜர் சேர் பாத்திட்டார். திங்கட்கிழமை வரட்டாம்." பிறகு சேர்த்தாள்: "டெப்லெட்டையும் திருப்பிக் குடுக்கட்டாம்."

பக்கத்தில் அம்மா கும்பிட்டுக்கொண்டு நின்றார். "பாத்தீங்களோ? ராகுகாலத்தில ஏறியிருந்தா உது கண்ணில பட்டிருக்குமோ? நல்ல நேரம்தான் என்னக் காப்பாத்தினது."

"ஓம் அம்மா," என்றார் கிறிஸ்ரி. "கட்டில மறந்திடாதேங்கோ."