சக்கரப் பைக்குக் கற்பூரம்

என் மகள் சாஃப்ட்பால் ஆடுகிறாள். அந்த ஆட்டத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம். அந்த ஆட்டத்துக்கான சாமான்களைப் போட்டு எடுத்துப்போகிற பையைப் பற்றி எனக்குத் தெரிந்தது ரொம்ப ஜாஸ்தி. மஞ்சக்குப்பத்தில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. லேமினேஷன் போடக் கொடுத்துவிட்டு நிற்கிறவர்களிடமெல்லாம் நான் பையைப் பற்றிப் பேசியிருக்கிறேன். ஒருவர் தன் ஆதார் அட்டையை வாங்காமலேயே கிளம்பிப் போய்விட்டார்.

மகள் கேட்சர். கிரிக்கெட்டில் கீப்பர் மாதிரி, மட்டை பிடிப்பவளுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பந்தை வாங்கவேண்டும். முகத்துக்கு ஒரு கூண்டு, மார்புக்கு ஒரு கவசம், முழங்காலிலிருந்து பாதம் வரைக்கும் ஒரு கவசம், அப்புறம் குட்டித் தலையணை போல ஒரு கிளவுஸ். இத்தனையையும் அவள் ஒரு கிழிந்த ஜிப் பையில் திணித்துத் தோளில் மாட்டிக்கொண்டு போவாள். மட்டை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். டவுன் பஸ்ஸில் கண்டக்டரின் விலாவில் அது பலமுறை இடித்திருக்கிறது.

பெற்ற மகளுக்கு ஆட்டத்தில் உதவலாம் என்றால் என்னால் ஆகாது. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு பீரியட் வந்தால் மற்றவர்களின் செருப்புக்குக் காவல் இருந்தவன் நான். பந்து என்னை நோக்கி வந்தால் இன்றைக்கும் கண்ணை மூடிக்கொள்வேன். ஆனால் சாமான்களுக்குக் காவல் என்றால் அது என் துறை. அதனால் பை விஷயத்தில் இறங்கினேன்.

யூடியூபில் தேடினால் பைகளுக்கென்றே ஒரு உலகம் இருக்கிறது. அமெரிக்காவில் யாரோ ஒரு அம்மாள் சக்கரம் வைத்த பையை மேசைமேல் வைத்து, ஒவ்வொரு ஜிப்பாகத் திறந்து காட்டுவார். சாப்பிடும்போது, கடையில் ஆள் இல்லாதபோது, கோயிலில் அபிஷேகம் முடியக் காத்திருக்கும்போது என்று நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சீரியல் பார்த்தாலாவது ஒரு கதை இருக்கும், ஜிப்பைத் திறந்து ஜிப்பை மூடுவதில் என்ன இருக்கிறது என்று மனைவி கேட்டாள். அவளுக்கு விளக்கப்போய், அன்றைக்கு ரசம் ஆறியதுதான் மிச்சம்.

என்னோடு படித்த பரங்கிப்பேட்டை நண்பர் ஒருவர் துபாயில் இருக்கிறார். அவர் ஊருக்கு வரும்போது நான் சொல்லிவைத்திருந்த பை வந்தது. காலிப் பையை விமானத்தில் கொண்டுவர அவருக்கு என்ன பைத்தியமா? பேரீச்சம்பழம், பால் பவுடர், தைலம், சோப்பு, மாமியாருக்கு அத்தர் என்று வீட்டுக்கு வேண்டிய அத்தனையையும் அதில் அடைத்துக் கொண்டுவந்து, இறக்கிவிட்டு, எங்கள் வாசலில் நிறுத்தினார். "மச்சான், இதுக்குள்ள ஒரு ஆளு படுக்கலாம்டா," என்றார். அத்தர் வாசனை இன்னும் போகவில்லை. மைதானத்தில் என் மகள் பக்கத்தில் நின்றால் யாரோ கல்யாணத்துக்கு வந்த மாதிரி இருக்கும்.

பையை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். கருநீல நிறம். இழுத்தால் நீளும் கைப்பிடி. சின்னப் பிள்ளை சைக்கிளில் இருக்குமே, அந்த அளவுக்கு இரண்டு சக்கரங்கள். பக்கவாட்டில் மட்டைகளுக்கு உறைகள். அடியில் ஷூவுக்குத் தனி அறை, அதற்குக் காற்றுப்போக ஓட்டைகள். நாறுகிற ஷூ மூச்சுவிடவேண்டும் என்று யோசித்திருக்கிறான் பாருங்கள் ஒருத்தன்! மைதானத்துக் கம்பிவேலியில் தொங்கவிட மேலே இரண்டு கொக்கிகள். மேல்பக்கம் கிளவுஸுக்கென்று ஒரு மெத்தை வைத்த அறை, உருக்குலையாமல் இருக்க. துணியோ கத்தி பட்டாலும் கிழியாது என்று போட்டிருந்தது. அந்த வாசகத்தை நான் வருகிறவர்கள் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன்.

ஆயுத பூஜை வந்தது. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்தில் மாநில அணிக்கான தேர்வு. மகள் பிளஸ் டூ. இதில் பெயர் வந்தால் கல்லூரியில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் இடம் கேட்கலாம், ஆட்டம் தொடரும். வராவிட்டால் பள்ளிக்கூடத்தோடு சாஃப்ட்பாலுக்கும் முழுக்கு. அந்த வாரம் முழுக்க அவள் சுவரில் பந்தை அடித்து அடித்து வாங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் வந்து சண்டை போட்டார்.

கடையில் ஜெராக்ஸ் மெஷினுக்கும் லேமினேஷன் மெஷினுக்கும் பூஜை போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். என் ஸ்கூட்டர், மகளின் சைக்கிள், தையல் மெஷின் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாயிற்று. கிளவுஸ், கவசம் எல்லாம் உள்ளே இருக்க, பை மட்டும் பாக்கி நின்றது. அதற்குச் சக்கரம் இருக்கிறது. சக்கரம் இருந்தால் அது வண்டி. வண்டி என்றால் எலுமிச்சம்பழம் நசுக்கவேண்டும். இதில் என்ன தப்பு என்று இப்போதும் எனக்குப் புரியவில்லை.

இரண்டு பழங்களைச் சக்கரத்தடியில் வைத்து இழுத்தேன். பழம் நசுங்கவில்லை. பை அவற்றின்மேல் ஏறி இறங்கியது. கனம் போதவில்லை என்று நானே பையின்மேல் உட்கார்ந்துகொண்டு மகளை இழுக்கச் சொன்னேன். அவள் வேண்டாம்ப்பா வேண்டாம்ப்பா என்று சொல்லிக்கொண்டே இழுத்தாள். ஒரு பழம் நசுங்கியது. இன்னொன்று பீரோவுக்கு அடியில் போய்விட்டது. இடது சக்கரம் அன்றிலிருந்து கொஞ்சம் வெளிப்பக்கமாகச் சாய்ந்தே ஓடுகிறது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். விதி யாரை விட்டது? கற்பூரத் தட்டை எடுத்து ஒவ்வொரு ஜிப்புக்கும் தனித்தனியாகக் காட்டினேன். கிளவுஸ் அறைக்கு வரும்போது தட்டு கொஞ்சம் சாய்ந்துவிட்டது. எரிகிற கற்பூரம் நேராக ஜிப்பின்மேல் விழுந்தது. கையால் தட்டிவிட்டேன், விரல் சுட்டது. பொட்டு அளவுக்குக் கறுத்திருந்தது. கறுத்த இடத்தில் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்தேன். பார்க்க இன்னும் லட்சணமாகத்தான் இருந்தது. ஏதோ தீய்கிறதே என்று சமையலறையிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள். சாம்பிராணி என்று சொன்னேன்.

பூஜையில் வைத்ததை விஜயதசமி வரைக்கும் எடுக்கக்கூடாது. அது எல்லார் வீட்டிலும் உள்ளதுதான். நான் அதற்குமேல் ஒரு படி போனேன். இவ்வளவு சிறப்பாகப் பூஜை போட்ட பையை முதன்முதலாகத் தேர்வு மைதானத்தில்தான் திறக்கவேண்டும் என்று உத்தரவு போட்டேன். மகள் முறைத்தாள். பழைய பந்தையும் வெறுங்கையையும் வைத்துக்கொண்டு சுவரோடு ஆடினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டில் சிதம்பரம் பஸ் ஏறினோம். பையைச் சீட்டுக்கு நடுவே நிறுத்தினேன். அமெரிக்க அம்மாள் சொல்லாத ஒரு விஷயம் அப்போது தெரிந்தது. சக்கரம் வைத்தவன் பிரேக் வைக்கவில்லை. டிரைவர் பிரேக் போடும்போதெல்லாம் பை உருண்டு முன்னால் போகும். வேகம் எடுத்தால் பின்னால் வரும். புதுச்சத்திரத்தில் ஏறிய ஒரு மீன்கூடையை அது இரண்டு தடவை முட்டியது. கூடைக்கார அம்மா என்னைப் பார்த்த பார்வையில் நான் எழுந்து, பையைக் காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டு, சிதம்பரம் வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன். சீட்டில் மகள் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். தூங்கவில்லை என்று தெரிந்தது.

தேர்வு ஒரு கல்லூரி மைதானத்தில் நடந்தது. கம்பிவேலி இருந்தது. கொக்கிகளை மாட்டிப் பையைத் தொங்கவிட்டேன். நாலு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மகள் கவசங்களை எடுத்து மாட்டிக்கொண்டாள். பிறகு கிளவுஸ் அறையின் ஜிப்பை இழுத்தாள். வரவில்லை. சந்தனம் உதிர்ந்தது. உள்ளே ஜிப்பின் பல்லும் அதன்மேல் ஓடுகிற துண்டும் சேர்ந்து உருகி ஒரே கட்டியாக இறுகியிருந்தன.

தினமும் காகிதத்துக்கு இரண்டு பக்கமும் பிளாஸ்டிக்கை வைத்துச் சூடுகாட்டி ஒட்டுகிறவன் நான். அதுதான் என் பிழைப்பு. சூடு பட்டால் பிளாஸ்டிக் ஒட்டிக்கொள்ளும் என்று கடலூர் மாவட்டத்தில் யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

இரவல் வாங்கிச் சமாளிக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. என் மகள் இடது கைக்காரி. இடது கையால் எறிகிறவள் வலது கையில்தான் கிளவுஸ் மாட்டவேண்டும். அங்கே வந்திருந்த மற்ற எல்லாப் பெண்களும் இடது கையில் மாட்டுகிறவர்கள். பாவம், இரண்டு பெண்கள் தங்களுடையதைக் கழற்றிக் கொடுக்கத்தான் செய்தார்கள். காலை மாற்றிச் செருப்பு போட்ட மாதிரி இருந்தது. தேர்வு நடத்துகிற மேடம் விசிலோடு வந்து பார்த்தார். முன்னால் இருக்கிற பெண் முடிப்பதற்குள் வந்தால் சரி, இல்லையென்றால் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

இழுத்தேன். பல்லால் கடித்தேன். மோட்டார்பைக்கில் வந்த ஒருவரிடம் கட்டிங் பிளேயர் வாங்கி முறுக்கியதில் ஜிப்பின் பிடி கையோடு வந்துவிட்டது. சாவியால் துணியைக் குத்தினேன். கத்தி பட்டாலும் கிழியாது என்று ஊரெல்லாம் வாசித்துக் காட்டினேனே, அந்தத் துணி. பையைக் கழற்றி இழுத்துக்கொண்டு கேட்டுக்கு ஓடினேன். கோணல் சக்கரம் என்னை இடதுபக்கமாகவே இழுத்துக்கொண்டு போய் ஒரு வேப்பமரத்தில் முட்டியது. அங்கிருந்து தூக்கிக்கொண்டு ஓடினேன்.

கேட்டுக்கு வெளியே இளநீர்க்காரர் ஒருவர் இருந்தார். விஷயத்தைச் சொல்லி வெட்டச் சொன்னேன். அவர் பையைத் தடவிப் பார்த்தார். புத்தம்புதுசாக இருக்கிறது, வெளிநாட்டுச் சாமான் வேறு, என் கையால் வெட்டமாட்டேன் என்று அரிவாளை என்னிடம் நீட்டினார். வாங்கினேன். ஓங்கினேன். கை இறங்கவில்லை. மெத்தை வைத்த அந்த அறையில் எங்கே வெட்டினால் சேதம் கம்மியாக இருக்கும், பிறகு தையல் போட்டால் தெரியாமல் இருக்குமா என்று என் புத்தி கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

பின்னாலேயே கவசத்தோடு ஓடிவந்த மகள் அதைப் பார்த்துவிட்டாள். முகக்கூண்டை நெற்றிக்கு மேலே தூக்கிவிட்டுக்கொண்டாள்.

"பைதான் முக்கியம்னா சொல்லிடுங்கப்பா. நான் கழட்டி வச்சிட்டு வந்துடறேன், வீட்டுக்குப் போவலாம்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். நிதானமாகச் சொன்னாள். அரிவாளை இறக்கினேன். கிழியாத துணி இரண்டாவது வெட்டில் கிழிந்தது. மெத்தையின் பஞ்சு வெளியே வந்தது. அதற்குள்ளே கையை விட்டுக் கிளவுஸை உருவிக் கொடுத்தேன். அவள் அதை வலது கையில் மாட்டி, இடது கையால் ஒரு குத்துக் குத்திப் பார்த்துவிட்டு ஓடினாள். அவள் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

வேலி ஓரம் நின்றேன். இளநீர்க்காரரும் கடையை அப்படியே விட்டுவிட்டு வந்து நின்றார். அரிவாள் இன்னும் என் கையில்தான் இருந்தது. மேடம் என் பக்கம் ஒருமுறை பார்த்தார், அதன்பிறகு பார்க்கவில்லை. என்ன நடக்கிறது சார் என்று இளநீர்க்காரர் கேட்க, எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அடிக்கிற பெண்தான் என் மகளுக்கு எதிரி என்றேன். அது தப்பு என்று பிறகு தெரிந்தது. அங்கே யாரும் யாருக்கும் எதிரி இல்லையாம், எல்லோருக்கும் தேர்வாம்.

பந்து வந்தது, வாங்கினாள். தரையில் பட்டு எகிறி வந்ததையும் வாங்கினாள். ஒரு பெண் திடீரென்று அடுத்த பேஸுக்கு, ஓடித் தொடவேண்டிய அடுத்த கட்டத்துக்கு, ஓடினாள். என் மகள் குந்தினபடியே, எழுந்திருக்காமல், இடது கையால் எறிந்தாள். பந்து போய்ச் சேர்ந்தபிறகுதான் அந்தப் பெண் போய்ச் சேர்ந்தாள். அவுட். பந்து என்றால் கண்ணை மூடுகிறவன், அன்றைக்கு மூடவில்லை. இளநீர்க்காரர் என் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தார். "உங்க பொண்ணா சார்!" என்றார். தலையை ஆட்டினேன்.

சாயங்காலம் பெயர்களை வாசித்தார்கள். கேட்சர் என்று வாசித்த இரண்டு பெயரில் இரண்டாவது அவளுடையது. அவள் குதிக்கவில்லை. நேராக வேலிக்கு வந்து என் பக்கத்தில் நின்றாள். நான் வேர்வை துடைப்பது மாதிரி முகத்தைத் துடைத்துக்கொண்டேன். வேர்வை இல்லை என்று அவளுக்கும் தெரியும். மறுபடி கொக்கியில் மாட்டிய பை வாயைப் பிளந்துகொண்டு தொங்கியது. அவள் அந்தப் பிளவுக்குள் கையை விட்டுப் பார்த்தாள்.

"ஸ்டேட் டீம் காம்ப்புக்கு இதத்தான் எடுத்துட்டுப் போவேன்," என்றாள். "அம்மாவ ஒட்டுப்போடச் சொல்றேன். ஆனா நீங்க இப்பவே சத்தியம் பண்ணுங்க. இதுகிட்ட நின்னு எதையும் கொளுத்தக் கூடாது."

அரிவாள் பிடித்து இளநீர் பிசுபிசுத்த கையை அவள் கையில் வைத்துச் சத்தியம் செய்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. பி.முட்லூர் தாண்டி டிரைவர் ஒரு பிரேக் போட்டார். பை கிளம்பி, இடதுபக்கமாகச் சாய்ந்து, ஒவ்வொரு சீட்டையும் இடித்துக்கொண்டு முன்படிக்கட்டு வரைக்கும் போனது. யாரோடது, யாரோடது என்று கண்டக்டர் கத்தினார். நாங்கள் இரண்டு பேருமே எழுந்திருக்கவில்லை. கிளவுஸ் அவள் மடியில் இருந்தது.