லெந்து மெலிவு என்று நினைத்திருந்தோம்

குருத்தோலை ஞாயிறு காலை ஆறு நாற்பதுக்கு, பவனி ஆலய வாசலைத் தாண்டும் முன்பே என் மகள் ஷைனி கீழே விழுந்தாள். கையிலிருந்த ஓலை அவள் முகத்தின் மேல் கிடந்தது. அதை விலக்கியபோதுதான் உதட்டைப் பார்த்தேன். வெளிறிக் கிடந்தது, துளி ரத்த ஓட்டமில்லை.

அவளுக்கு வயது இருபத்தொன்பது. இரணியல் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை. ஈஸ்டருக்கு முந்திய நாற்பது லெந்து நாட்களில் பகல் சாப்பாட்டை விட்டு உபவாசம் இருப்பாள். அதனால் இந்த முறை மெலிந்ததும் யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. பாடகர் குழுவில் பக்கத்தில் நிற்கும் லில்லி அக்கா கிண்டல் செய்வார்கள்.

"ஏட்டி, நீ ஆண்டவருக்காக மெலியியா, மாப்பிள வீட்டுக்காரங்களுக்காக மெலியியா?"

"ரெண்டுக்கும் சேத்துதான் அக்கா," என்பாள். படி ஏறி வந்த மூச்சிரைப்பு அப்போதும் அடங்கியிருக்காது.

"ஈஸ்டர் கழிஞ்சா தேறிருவா," என்றுதான் நானும் சொன்னேன்.

குடல் புற்றுநோய் எங்கள் குடும்பத்துக்குப் புதிதல்ல. என் கணவரின் அண்ணன் அறுபதைத் தாண்டி மலக்குடல் புற்றுநோயில் இறந்தார். அவருக்கு ரத்தம் போனது. அதனால் என் கணவரையே கவனித்து வந்தோம். ஆம்பிளை, வயதானவர், ரத்தம் போனால் தெரியும் என்று நம்பினோம். அது மகளிடம் சத்தமில்லாமல் வந்திருந்தது.

நாகர்கோவிலில் ரத்தம் ஏற்றினார்கள். பிறகு குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். பெருங்குடல் தொடங்கும் இடத்தில், வலது பக்கம் கட்டி.

மருத்துவர் சொன்னார்: "குடலோட கீழ்ப்பக்கம் வந்தா ரத்தம் கண்ணுல படும். இந்த இடத்துல உள்ளேயே கசியும், தெரியாது. ஆள் வெளிறிப் போறதுதான் அடையாளம். வலது பக்கம் வர்றது பொம்பளைங்களுக்குக் கொஞ்சம் கூடுதல். வயசானவங்களுக்குத்தான் அதிகம், ஆனா இப்ப சின்ன வயசுலயும் பாக்கோம்."

"அவ உபவாசம் இருந்தா டாக்டர், அதான்..."

"இது லெந்துக்கு முன்னாலயே தொடங்கியாச்சும்மா."

பெரிய வியாழன் அன்று இன்னொரு அடி. ஈரலில் ஒரு நிழல் தெரிகிறது, பரவியிருக்கலாம், வேறு ஸ்கேன் எடுத்தால்தான் உறுதியாகும் என்றார்கள். பெரிய வெள்ளி முழுவதும் எனக்கு வேறு ஜெபம் வரவில்லை. "ஈரல் சுத்தமா இருக்கணும் ஆண்டவரே." இதையே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆராதனை முடிந்து வந்த லில்லி அக்கா ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னோடு தரையில் உட்கார்ந்தார்கள். கிண்டல் பேசும் அந்த வாயிலிருந்து "ஆமென்" மட்டும் வந்தது.

சனிக்கிழமை ஸ்கேன் எடுத்தார்கள். அது புற்றல்ல, கெடுதல் செய்யாத ரத்தக்குழாய் முடிச்சு என்றார் மருத்துவர். நான் நின்ற இடத்திலேயே முழங்கால் போட்டேன்.

ஈஸ்டர் கழிந்து கட்டியை எடுத்தார்கள். பக்கத்து நெறிக்கட்டி ஒன்றில் நோய் தொட்டிருந்தது. அதற்காக இப்போது கீமோ மருந்து ஏறுகிறது. அவள் குளியலறைக்குள் கொஞ்ச நேரம் கூடுதலாக இருந்தாலும் கதவைத் தட்டிவிடுகிறேன். "உயிரோடதான் இருக்கேம்மா," என்று உள்ளேயிருந்து திட்டுவாள். அந்தத் திட்டுக்கும் ஸ்தோத்திரம்.

பிரியமானவர்களே, உங்கள் பிள்ளைகள் வெளிறினால், சோர்ந்தால், உபவாசம் என்றோ இளவயது என்றோ விட்டுவிடாதீர்கள். ஜெபியுங்கள், சோதித்தும் பாருங்கள். நடுக்கத்தோடு ஆண்டவரிடம் போனாலும் தள்ளிவிடமாட்டார். நான் அப்படித்தான் போனேன்.

ஒன்று பாக்கி இருந்தது. கூடப்பிறந்தவர்களும் சோதிக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். கத்தாரிலிருக்கும் என் மகன் ஜெரின், "எனக்கு ஒண்ணும் இல்ல, நல்லா சாப்பிடுதேன்," என்று போனை வைத்துவிடுவான். அதற்கும் முழங்கால் போட்டேன். போன சனிக்கிழமை மத்தியானம் வாசலில் ஆட்டோ நின்றது. சொல்லாமல் வந்திருந்தான். அக்காவின் தலையில் முடி உதிர்ந்திருந்ததைப் பார்த்தான். பையைக்கூட இறக்கவில்லை.

"அம்மா, திங்கக்கிழம என்னையும் அந்த டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போங்க. பயமாத்தான் கெடக்கு. நீங்க கூட வாங்க."