முழங்கை மடிப்பு

புது லெதர் ஜாக்கெட்டை உப்புத்தாளால் தேய்த்துப் பழசாக்கினால், என் கடைக்கு வரும் வெள்ளைக்காரர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆள் போட்டுத் தேய்ந்த மடிப்பே வேறு; அதற்குத்தான் அவர்கள் அதிக விலை கொடுப்பார்கள். அதனால் அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் கிடந்த பெரியவர் ஒருவருக்கு ஒன்றை மாட்டிவிட்டேன்.

“எனக்கேவா சாமி?”

“உங்களுக்குத்தான். கழட்டாம போட்டுக்கோங்க.”

வெயிலிலும் மழையிலும் அவர் கழற்றவே இல்லை. மார்கழியில் போய்ப் பார்த்தேன். முழங்கையில் மடிப்பு அவ்வளவு அழகாக விழுந்திருந்தது.

“தையல் விட்டிருக்கு பெரியவரே, குடுங்க, தைச்சித் தரேன்” என்று பொய் சொன்னேன். குளிரில் நடுங்கிக்கொண்டே, என் நெற்றியில் விபூதி பூசிவிட்டுக் கொடுத்தார்.

அன்றே விற்றுவிட்டேன்.

இப்போதும் என்னைப் பார்த்தால், “தைச்சிட்டீங்களா சாமி?” என்கிறார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

“அடுத்த வாரம்” என்கிறேன். அதற்குப் பிறகு இரண்டு மார்கழி போய்விட்டது.