எழுதிக் கொடுத்த பாதை

இரண்டாயிரங்களின் நடுவில் ஒரு கோடை முழுவதும் நான் சைக்கிள்காரர்களின் பைகளை ஏற்றி இறக்கினேன். டவுன்டவுனில் இருந்த ஒரு சிறிய சுற்றுலா அலுவலகத்தில் வேலை. வெள்ளி முதல் ஞாயிறு வரை பத்துப் பன்னிரண்டு பேரை மொன்றியலுக்குத் தெற்கே அனுப்புவார்கள். கார் நுழைய முடியாத கால்வாய்க் கரை, தண்டவாளத்தைக் கழற்றிவிட்டுப் போட்ட பாதை, அதற்கப்பால் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே போகும் வெறிச்சோடிய கிராமத்து வீதி. அவர்கள் அதில் மிதித்து வருவார்கள். நான் பைகளை ஏற்றிய வான் வண்டியில் நெடுஞ்சாலையால் முன்னே போய், சொன்ன இடத்தில் தண்ணீரும் வெட்டிய தோடம்பழமுமாக நிற்பேன்.

வேலை கிடைத்த அன்று அப்பாவுக்கு இதை விளங்கப்படுத்தினேன். சென்ட் லோரன்டில் ஒரு பக்டரியில் அவருக்குப் பிற்பகல் வேலை. சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

"வாகனம் இல்லாத றோட்டிலை சைக்கிள் ஓடுறதுக்கெண்டு வெளியூரிலையிருந்து ஆக்கள் வருகினமோ?"

"ஓம் அப்பா."

"சண்டைக்குள்ளை எங்கடை ஊர் றோட்டிலை வருசக்கணக்காப் பெற்றோல் இல்லாமல் சைக்கிள்தானே ஓடினது. ஒருத்தரும் சுத்திப் பாக்க வரேல்லையே."

அம்மா அடுப்படியில் நின்று சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை.

எனக்கு அந்த வேலையில் இருந்தது ஒரே ஆசை. வானை விட்டு இறங்கி, குழுவுக்கு முன்னே சைக்கிளில் போக வேண்டும். முன்னே போகிறவள் இந்த ஊர்ப் பெண், என் வயதுதான். அவள் கையைத் தூக்கினால் பன்னிரண்டு பேரும் நிற்பார்கள். ஆற்றைக் காட்டி இரண்டு வார்த்தை சொன்னால் பன்னிரண்டு தலையும் திரும்பும். நானோ வாகனத் தரிப்பிடங்களை மட்டும் பார்த்தேன். சிவந்த முகங்களோடு வந்து இறங்குபவர்கள், நான் காணாத கொக்கைப் பற்றியும் நீர்க்கதவைப் பற்றியும் என் தலைக்கு மேலால் பேசிக்கொண்டே பழத்தை எடுப்பார்கள். ஓகஸ்டில் அவள் படிக்கப் போய்விடுவாள் என்று எல்லாருக்கும் தெரியும். முதலாளியிடம் கேட்டேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க, குரல் உயர்த்தாத மனிதர். "பார்க்கலாம்" என்றார்.

அதன் பிறகு ஒவ்வொரு திங்களும் வானின் பின்பக்கம் ஒரு பழைய சைக்கிளைப் போட்டுக்கொண்டு தனியாகப் போனேன். கீழ்வீட்டு அண்ணை படியில் மறித்துக் கேட்பார், "வான் ஓடுறவனுக்கு ஏன்ரா உந்த இறுக்கின காச்சட்டை?" நான் படியிறங்கிப் போய் வானை எடுப்பேன். கால்வாய்க் கரையில் மத்தியானத்துக்குப் பிறகு காற்று முகத்துக்கு நேரே அடிக்கும் என்று கண்டுபிடித்தேன். ஆற்றுக்கு மேலான பழைய பாலத்துப் பலகை மழை நாளில் வழுக்கும், இறங்கித்தான் நடக்க வேண்டும். எந்தத் தோட்டக்காரி வைன் வாங்காவிட்டாலும் கழிப்பறைச் சாவியைத் தருவாள், எந்த வளைவுக்கு முன்னால் கியரைக் குறைக்காவிட்டால் ஏற்றத்தில் நின்றுபோவார்கள், எல்லாம் தெரிந்துகொண்டேன். அந்தத் திங்கள்களில் நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். இரண்டு பக்கமும் திராட்சை வரிசை, டயர் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை.

யூலை நடுவிலும் முதலாளி "பார்க்கலாம்" என்றே சொன்னார். அப்பாவிடம் சொன்னேன்.

"வாயாலை கேட்டனியோ?"

"ஓம்."

"வாயாலை கேட்டால் மறந்துபோவான். எழுதிக் குடு. படிச்சனிதானே."

அப்பா இரண்டாம் வகுப்போடு நின்றவர். அம்மா அதுவும் இல்லை. ஊரில் இருந்தபோது அப்பா எந்த அலுவலுக்கும் அரசாங்கக் கந்தோர் வாசலில் உட்கார்ந்திருப்பவரிடம் மனு எழுதுவித்துக்கொண்டுதான் உள்ளே போவாராம். வாயால் கேட்ட எதுவும் அவருக்குக் கிடைத்ததில்லை. எழுதிக் கொடுத்தது சிலவேளை கிடைத்திருக்கிறது. இங்கே வந்த பிறகு, பன்னிரண்டு வயதிலிருந்து எங்கள் கட்டடத்தின் நாலு மாடிக்கும் படிவங்களை நான்தான் நிரப்பினேன். ஸ்பொன்சர் கடிதம், பிள்ளைகளைப் பகலில் பார்க்கும் கார்டெரிக்கு விண்ணப்பம், வீட்டுக்காரனுக்கு முறைப்பாடு. ஒருவருக்கும் மாட்டேன் என்று சொல்ல அப்பா விட்டதில்லை. எனக்கும் அதில் நம்பிக்கை இருந்தது. விவரத்தை ஒழுங்காக, ஒன்றும் விடாமல் எழுதிவிட்டால் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் மறுக்க முடியாது என்றே நினைத்திருந்தேன்.

எழுதினேன். பிரெஞ்சில், முப்பத்திரண்டு பக்கம். பிழை இருக்கக்கூடாது என்று வகுப்புத் தோழி ஒருத்தியிடம் கொடுத்துத் திருத்துவித்தேன். காற்று, பாலம், சாவி, வளைவு, எல்லாம். கடைசிப் பக்கத்தில், இவ்வளவும் அறிந்தவன் என்பதால் ஓகஸ்ட் முதல் குழுவை நடத்திச் செல்ல அனுமதிக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொண்டேன். இரண்டு கையாலும் நீட்டினேன். முதலாளி நின்றபடியே நாலு பக்கம் வாசித்தார். அருமை என்றார். தோளில் தட்டினார்.

அன்று வீட்டில் கோழிக் கறி.

ஓகஸ்டில் அச்சகத்திலிருந்து ஆறு பெட்டிகள் வந்தன. வானிலிருந்து அலுவலகத்துக்குள் தூக்கிக்கொண்டு போனதும் நான்தான். ஒன்றைப் பிரித்தார்கள். சைக்கிள் கைப்பிடியில் மாட்டும் பிளாஸ்டிக் உறைக்கு அளவான சிறிய புத்தகம். முதல் வரியே என்னுடையது. கடைசிப் பக்கத்தைத் தேடினேன். அந்த இடத்தில் அலுவலகத்தின் தொலைபேசி இலக்கம் இருந்தது.

முதலாளி உண்மையான மகிழ்ச்சியோடு விளங்கப்படுத்தினார். ஆட்கள் தங்கள் பாட்டில், நினைத்த வேகத்தில் போகத்தான் விரும்புகிறார்கள். இனி முன்னே போக யாரும் தேவையில்லை, புத்தகமே போதும். "நீ கவலைப்படாதே, வான் எப்போதும் வேண்டும்" என்றார்.

அவர் என்னை ஏமாற்றினார் என்று இன்றைக்கும் என்னால் நேராகச் சொல்ல முடியவில்லை. கேட்காமல் அள்ளிக் கொடுத்தவன் நான். நான் மட்டும் அறிந்திருந்ததுதான் என் கையில் இருந்த ஒரே பலம். அதைச் சுத்தமாகப் படியெடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அதற்கு மனு என்று பெயரும் வைத்திருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை, தோட்டத்து வாசலில் தோடம்பழம் வெட்டிக்கொண்டு நின்றேன். ஒரு பெண் சைக்கிளைச் சாய்த்துவிட்டு வந்து, புத்தகத்தைத் திறந்து எனக்கு வாசித்துக் காட்டினாள். இங்கே கழிப்பறைச் சாவி கேட்கலாமாம், தெரியுமா என்றாள். தெரியும் என்றேன். "இதை எழுதியவர் இந்தப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவராக இருக்க வேண்டும்" என்றாள். ஆமாம் என்று சொல்லிப் பழத்தட்டை நீட்டினேன். அவள் இரண்டு துண்டு எடுத்து, மெர்சி சொன்னாள்.

செப்டெம்பரில் முதலாளி கூப்பிட்டார். கிழக்கே இன்னொரு ஆற்றுப் பள்ளத்தாக்கு இருக்கிறது, அதையும் இதே மாதிரி எழுதித் தருவாயா என்று கேட்டார். குழுவுக்கு முன்னே போக விட்டால் எழுதுகிறேன் என்றேன். இவ்வளவு நன்றாக எழுதுகிறவன் எழுதினால் முன்னே போக ஆள் எதற்கு என்று அவர் சிரித்தார். பாராட்டாகத்தான் சொன்னார். மாட்டேன் என்று சொல்லிவிட்டு வான் சாவியை மேசையில் வைத்தேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். வேலைக்குப் போக வெளிக்கிட்டுக்கொண்டிருந்தார். முதலில் விளங்கவில்லை.

"என்னெண்டு சொன்னனி?"

"எழுதித் தரமாட்டன் எண்டு."

"அந்தாள் உன்னைத் தேடிக் கூப்பிட்டுக் கேட்டிருக்கு. நீ மாட்டன் எண்டனியோ?"

"நான் எழுதினபடியாத்தான் அப்பா எனக்கு வரவேண்டிய வேலை போனது."

"எழுதினால் வேலை போகுமோ? விசர்க் கதை கதையாதை. எழுதத் தெரியாமல்தான் நான் பத்து வருசமாப் பெட்டி தூக்கிறன்."

அவர் சொன்னதும் உண்மை, எனக்கு நடந்ததும் உண்மை. அம்மா இடையில் வந்து, "ஒரு கடதாசிக்கு ஏன் ரெண்டு பேரும் மூஞ்சையைத் தூக்கிறியள்? பேந்து கதைக்கலாம், அவருக்கு பஸ் போப்போகுது" என்றார்.

அப்பா குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டினார். நிமிரும்போது என்னைப் பார்க்கவில்லை.

"ஓம், நீங்கள் பெரிய ஆள்" என்றார். "எழுதாதேங்கோ."

பிறந்ததிலிருந்து அவர் என்னை நீ என்றுதான் கூப்பிட்டிருந்தார். கதவு சாத்திய சத்தம் மெதுவாகத்தான் கேட்டது. அம்மா சோற்றைப் போட்டுக் கொண்டுவந்து வைத்தார். அந்தக் கிழமை முழுவதும் அப்பா என்னை நீங்கள் என்றே அழைத்தார்.