சுடலைக்குப் போகாத வரலாற்றாசிரியை

மெல்பேணின் கிளென் வேவர்லி தமிழ்க்கடையில் ஒரு கையில் கறிவேப்பிலையும் மறுகையில் தொலைபேசியுமாக நின்று நான் ஸ்லோவாக் மொழியில் கதைத்தால், கவுண்டரில் நிற்கும் பிள்ளை விலை அடிக்க மறந்துவிடுவாள். "அன்ரி, அது என்ன பாஷை?" சொன்னால் அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: "ஏன், எங்கட சனத்தைப் பற்றி எழுத ஒண்டுமில்லையோ?" இருக்கிறது, எழுத ஆட்களும் இருக்கிறார்கள். பல்கலைக்கழகத்தில் என் தொழில், ஆஸ்திரேலியாவில் குடியேறிய ஸ்லோவாக்கியரின் வரலாறு. அவர்களுக்கும் எங்களைப் போலவே ஒரு சங்கம், சங்கத்துக்குள் சண்டை, சண்டையில் பிரிந்த இன்னொரு சங்கம். யாழ்ப்பாணத்தாளுக்கு இது தண்ணீர்பட்ட பாடு.

அப்படிப்பட்ட நான் அன்னாவிடம் சறுக்கினேன். இளம் வயதில் கணவர் யோசெப்புடன் எல்லை தாண்டி ஓடிவந்தவர் அன்னா. அவருடைய குசினியில், அடுப்பருகே இருந்து நான் ஒலிப்பதிவு செய்த கதைதான் என் புத்தகத்தின் முதுகெலும்பு. போன வருடம் யோசெப் காலமானார். தேவாலயத்துக்குப் போய் அன்னாவைக் கட்டிப்பிடித்து அழுதேன். சவப்பெட்டி இடுகாட்டுக்குப் புறப்பட்டதும் வீட்டுக்கு வந்து தலை முழுகினேன். எங்கள் ஊரில் பெண்கள் வாசல் படலையோடு நின்றுவிடுவார்கள். அப்பாவின் பாடை போனபோதும் நான் அப்படித்தான் நின்றேன்.

அன்னாவுக்கோ நான் பாதி வழியில் கைவிட்டவள். "என்ரை கதையை உன்ரை புத்தகத்திலை போடாதை" என்று தொலைபேசியை வைத்துவிட்டார். அவருடைய கிராமத்து ஸ்லோவாக் என் காதில் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் விழும். புத்தகம் போனால் போகட்டும் என்று சொன்னால் அது பச்சைப் பொய். ஆனால் அன்னாவின் நட்புப் போனதுதான் அதைவிட வலித்தது.

நவம்பர் முதலாம் தேதி ஸ்லோவாக்கியர் குடும்பமாகக் கல்லறைகளுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். மாணவர்களுக்கு வருடாவருடம் இதைப் படிப்பிக்கிறேன், ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை! இந்தமுறை போகப்போவதாக பிளாக்டவுனில் இருக்கும் அக்காவிடம் சொன்னேன். "உனக்கென்ன விசரோ? பொம்பிளையள் சுடலைக்குப் போறதோ?"

"ஓம், விசர்தான். போட்டு வாறன்."

அங்கே முழுக்கப் பெண்கள். கல்லைத் தேய்த்துக் கழுவியபடி, சங்க மண்டபத்தில் ஆண்கள் என்னிடம் சொல்லாத கதைகளையெல்லாம் சத்தமாகக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். கடவுளே, இத்தனை காலமும் நான் எங்கே போய் வரலாறு தேடினேன்! அன்னா என்னைக் கண்டும் காணாததுபோல் இருந்தார். நான் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து யோசெப்பின் கல்லைத் தேய்க்கத் தொடங்கினேன்.

"அண்டைக்கு ஏன் இஞ்சை வரேல்லை?" என்றார் அன்னா.

"எங்கட ஆக்களிலை பொம்பிளையள் வாறேல்லை. அப்பாவுக்கும் நான் போகேல்லை."

"அப்பாவை எங்கை வைச்சிருக்கு?"

"எரிச்சுக் கடலிலை கரைச்சாச்சு."

"அப்ப நீ எங்கை போய் விளக்கு வைப்பாய்?"

வாயாடி என்று பெயரெடுத்த எனக்குக் கண்ணீர்தான் வந்தது. அன்னா பையிலிருந்து இன்னொரு மெழுகுவர்த்தியை எடுத்து நீட்டினார். பூச்சாடியை ஒருபக்கம் நகர்த்தி இடம் செய்தார்.

"இதிலை வை. இவருக்கும் கதைக்க ஒரு ஆள் வேணும். வீட்டை வா, மிச்சக் கதையையும் பதிவு செய்."

யாழ்ப்பாணத்தை விட்டு ஒருநாளும் வெளிக்கிடாத என் அப்பாவுக்கு, மெல்பேணில், யோசெப்பின் தலைமாட்டில், முதன்முதலாக விளக்கேற்றினேன்.