செருப்பும் செங்கல்லும்

விம்கோ நகரில் எங்கள் தெருவுக்கு ஒரு வழக்கம் உண்டு. பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுச் சாலை போடுவார்கள். சாலை உயர உயர வீடுகள் பள்ளத்துக்குள் போகும். மழைத் தண்ணீர் இரண்டாவது தடவையும் கட்டில் கால் வரை வந்ததும், தம்பி ரோஷப்பட்டுக்கொண்டு வீட்டுத் தரையை இரண்டரை அடி உயர்த்திவிட்டான். வாசலுக்கு ஒரு சரிவு போடலாம் என்றான். எனக்கு வாயெல்லாம் பல்.

சின்ன வயதிலிருந்தே எனக்கு இரண்டு காலும் விளங்காது. ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் ஆய்வக உதவியாளர் வேலை. பின்னால் பக்கத்துக்கு ஒரு சக்கரம் கூடுதலாக வைத்த ஸ்கூட்டரில் போய்வருகிறேன். பழைய வாசலில் ஒரு படி இருந்தது. காலையில் தம்பி வண்டியைப் பிடித்து இறக்குவான், மாலையில் தள்ளி ஏற்றுவான். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. ஆனாலும் அவன் பல் தேய்த்து முடிக்கிறவரை ஹெல்மெட்டோடு காத்திருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத்தான் தெரியும். யாரையும் கூப்பிடாமல் வெளியே போக வேண்டும், யாரையும் கூப்பிடாமல் உள்ளே வர வேண்டும். என் ஆசை அவ்வளவுதான்.

மேஸ்திரி ஐந்தடி நீளத்துக்குச் சரிவு கட்டினார். எனக்கென்று தனிப் பாசத்தோடு சிமென்ட் பால் ஊற்றி, கரணையால் தேய்தேய் என்று தேய்த்து, முகம் பார்க்கலாம் போல ஆக்கிவிட்டார். தெருவே வந்து தடவிப் பார்த்தது. பிளஸ் ஒன் பிள்ளைகளின் சோதனைக்குச் சாய்தளப் பலகையைத் துடைத்துக் கொடுக்கிற எனக்கே ஒன்றும் உறைக்கவில்லை. ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை முதல் ஏற்றம். நல்ல நாளாயிற்றே என்று தம்பி மனைவி சரிவைக் கழுவி, அதன் மேலேயே பெரிய கோலம் போட்டிருந்தாள். பாதி ஏறியதும் பின்சக்கரம் சும்மா சுழன்றது. பிரேக்கைப் பிடித்தேன். பிடித்தது பிடித்தபடி வண்டி பின்னாலேயே வழுக்கி வந்து, தண்ணீர் லாரிக்கு வரிசை போட்டிருந்த குடங்களுக்குள் நின்றது. எனக்கு அடி இல்லை. இரண்டு குடம் நசுங்கிவிட்டது.

மேஸ்திரி ஓடிவந்தார். “சரிவு மேல குத்தம் சொல்லாதம்மா. நீ கொஞ்சம் வெயிட்டா கீற. அதான் வண்டி இழுத்துகினு வருது.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அதற்குள் தம்பி, “வுடுக்கா, நான் கீறேன்ல? தள்ளி வுடறேன்” என்றான். மேஸ்திரி சொன்னதற்குக் கோபம்தான் வந்தது. இவன் சொன்னதற்கு அழுகை வந்துவிட்டது.

அழுதுகொண்டே ஒரு பலகை கேட்டேன். அதன் ஒரு முனையில் தம்பி மனைவியின் செருப்பை வைத்து, அந்த முனையை மெல்லத் தூக்கச் சொன்னேன். மேஸ்திரி தூக்கினார். ஒரு உயரம் வந்ததும் செருப்பு வழுக்கி இறங்கியது. அந்த உயரத்தைச் சுவரில் கரியால் குறித்தேன். பிறகு செருப்பின் மேல் ஒரு செங்கல்லைக் கட்டி வைத்தேன்.

“இப்ப பாரு, சீக்கிரமே வுழும்” என்று மேஸ்திரி சிரித்தார்.

வழுக்கியது அதே கரிக்கோட்டில்தான். இரண்டு செங்கல் வைத்தோம், அப்போதும் அங்கேதான். பலகை மேல் கோணிச்சாக்கை விரித்தபோது, கோட்டைத் தாண்டி வெகுதூரம் தூக்கியும் செருப்பு அசையவில்லை.

“எடை கூடினா கீழ இழுக்கறதும் கூடும், தரை பிடிக்கறதும் அதே அளவுக்குக் கூடும். எவ்ளோ சரிவு, எவ்ளோ வழவழப்பு, அதான் கணக்கு” என்றேன். என் உடம்பைப் பற்றி இனி ஒருவரும் வாய் திறக்கக் கூடாது என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

“இன்னாமா இது, நல்லா வேல செஞ்சதுக்கா திட்டு!” என்று மேஸ்திரி தலையைச் சொறிந்தார். கூடியிருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் குடம் நசுங்கியவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

உயரத்தைக் குறைத்தால் மழை உள்ளே வரும். அதனால் சரிவை நீட்ட வேண்டும். தெருவை நோக்கி இடமில்லை, சுவரோரமாக இருந்தது. அது தம்பி மனைவி கோலம் போடுகிற இடம். “நான் மேல வாசப்படியில போட்டுக்கறேன் அண்ணி” என்று ஒரே பேச்சில் விட்டுக்கொடுத்தாள். மேஸ்திரி பளபளப்பை உடைத்துவிட்டு, பதினைந்து அடிக்குச் சரிவை நீட்டி, ஈரம் காய்வதற்குள் துடைப்பத்தால் குறுக்கே கீறிவிட்டார். மனமேயில்லாமல்தான் கீறினார். சிமென்ட் இறுக ஒரு வாரம் விட்டோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தம்பி தூங்கிக்கொண்டிருந்தான். அவன் மனைவி அடுப்படியில் இருந்தாள். நான் வண்டியை எடுத்து இறங்கினேன். கடற்கரைச் சாலையில் கொஞ்ச நேரம் நின்றேன், ஒரு டீ குடித்தேன், திரும்பி வந்து ஏறினேன். சக்கரம் ஒரு இடத்திலும் தயங்கவில்லை.

அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தவள் என் தலையில் ஹெல்மெட்டைக் கண்டு திகைத்தாள். “அண்ணி! எப்ப வெளிய போனீங்க? எங்க போய்ட்டு வர்றீங்க?”

நாற்பத்தோரு வயதில் என்னை ஒருவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.