ஞானதாஸ் அண்ணாச்சி வீட்டு டிஎன்எஸ் லிஸ்ட்

கொட்டாரத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை போட்ட நாளிலிருந்து எனக்குப் பிடிக்காத ஒரு வார்த்தை உண்டு: "யூடியூபில பாத்தேன்." வைரஸைக்கூட எடுத்துவிடலாம். இதைச் சொல்லிக்கொண்டு கடைக்குள் வருகிறவரைச் சமாளிக்க முடியாது.

அன்றைக்கு வந்தவர் ஞானதாஸ் அண்ணாச்சி. கல்ஃபில் வேலை, லீவுக்கு வந்திருந்தார். "ஆம்பிளையாளு யாரும் இல்லியா?" என்றார். கடை என்னுடையது என்றேன். யோசித்துவிட்டு செல்போனை நீட்டினார். யூடியூபில் பார்த்த கமாண்டை வீட்டுக் கம்ப்யூட்டரில் அடித்து, டிஎன்எஸ் கேஷை எடுத்து, ஸ்கிரீனைப் போட்டோ பிடித்து வைத்திருந்தார். பூராவும் வாயால் சொல்ல முடியாத சைட் பெயர்கள்.

"எம் பொண்டாட்டி ஆன்லைன்ல டியூஷன் எடுக்கேன்னு சொல்லிட்டு இதைத்தான் பாத்திருக்கா. அவ அம்மைக்குப் போன் போட்டாச்சு, வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லி. நீங்க வந்து எல்லாத்தையும் பிரிண்ட் எடுத்துத் தரணும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டிஎன்எஸ் கேஷ் என்பது, எந்த சைட்டுக்கு எந்த நம்பர் என்று கம்ப்யூட்டர் கொஞ்ச நேரம் ஞாபகம் வைத்துக்கொள்ளும் இடம். அதில் பெயர் இருந்தால் ஆள் போய்ப் பார்த்ததாக அர்த்தம் இல்லை. பக்கத்தில் ஒரு விளம்பரம் வந்தால்கூடப் பெயர் ஏறிவிடும். இதையெல்லாம் சொன்னேன். காதில் ஏறினால்தானே! "இத்தனையுமா விளம்பரம்?" என்றார். அந்தக் கேள்வி நியாயம்தான். அதனால் நேரிலேயே போனேன்.

அவர் மனைவி பிரேமா கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பை. "யக்கா, நான் ஒண்ணும் பாக்கல. சொன்னா நம்பவே மாட்டேங்காவ" என்றாள். அழுது முகமெல்லாம் வீங்கியிருந்தது.

உட்கார்ந்து கமாண்ட் அடித்தேன். அந்தக் கெட்ட பெயர் எல்லாவற்றுக்கும் நேரே ஒரே நம்பர்: 127.0.0.1. அது வெளியே எங்கும் போகாது, அதே கம்ப்யூட்டரைத்தான் காட்டும். விஷயம் பிடிபட்டுவிட்டது. மோடம் வயரைப் பிடுங்கினேன். கேஷை ஃபிளஷ் பண்ணிக் காலியாக்கிவிட்டு மறுபடி லிஸ்ட் போட்டேன். அத்தனை பெயரும் திரும்பி வந்தன.

"அண்ணாச்சி, இப்ப நெட்டே இல்ல. இதையெல்லாம் யாரு பாத்தது? நானா?"

ஹோஸ்ட்ஸ் ஃபைலைத் திறந்தேன். வேண்டாத சைட்டின் பெயரை அதில் எழுதி, இந்தக் கம்ப்யூட்டர் நம்பருக்கே திருப்பிவிட்டுத் தடுக்கலாம்; எழுதின பெயரெல்லாம் தானாகவே கேஷிலும் ஏறிவிடும். பெயர் எல்லாம் அதில்தான் கிடந்தது. மேலே ஏதோ ஒரு இலவச பாதுகாப்பு சாஃப்ட்வேரின் பெயர்.

"இதைப் போட்டது யாரு?"

"நான்தான். போன லீவுல. கெட்ட சைட்டு வீட்டுக்குள்ள வரப்பிடாதுன்னு..."

"யாரையெல்லாம் உள்ள விடப்பிடாதுன்னு வாட்ச்மேன்கிட்ட நீரே எழுதிக் குடுத்துட்டு, அந்த லிஸ்ட்டப் பாத்து, இவனுவ எல்லாம் வீட்டுக்கு வந்துட்டுப் போயிருக்கானுவன்னு பொண்டாட்டிய வெரட்டுவீரா வே?" கஸ்டமரை "வே" போடக்கூடாதுதான். வந்துவிட்டது.

அண்ணாச்சி தலையைச் சொறிந்தார். "சரி, சவத்த விடு. ஏட்டி பிரேமா, உங்க அம்மைக்குப் போன் போட்டு வராண்டாம்னு சொல்லு."

பிரேமா கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். "வரச் சொன்னது நீங்க. என்னைப் பத்தி என்ன சொன்னியளோ, அது பொய்யின்னும் நீங்களே சொல்லுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க. யக்காவும் கேக்கட்டு."

வேறு வழியில்லாமல் போட்டார். பஸ் இரைச்சலுக்கு நடுவே மாமியார் குரல் வந்தது. இவர் பேச ஆரம்பிக்கும் முன்னே அந்த அம்மா முந்திக்கொண்டார்: "மருமவனே, பஸ் ஏறிட்டேன். நான் வாறது வரைக்கும் அவள அடிச்சிராதியும். கும்பிடுகேன்."

பிரேமா அவர் கையிலிருந்து போனை வாங்கி, "நீ வாம்மா" என்றாள்.

டிஎன்எஸ் பாடம் நடத்துவதை அன்றோடு விட்டுவிட்டேன். இப்போது யாராவது இப்படி ஒரு லிஸ்ட்டோடு வந்தால், போட்டோவைப் பார்ப்பதற்கு முன்னால் ஒன்றுதான் கேட்கிறேன்: "இதை யார் யார்ட்ட சொல்லியாச்சு?"